மலையில் மோதும் விமானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைகளில் மோதி அழிந்த விமானங்களைப் பற்றி வாசகர்கள் பலர் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால், அவற்றில் ஏழினை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 2021-இல் எங்கள் ஊருக்கு அருகே விழுந்த ராணுவ ஹெலிகாப்டரில் எந்தக் கோளாறும் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். கோளாறே இல்லாத ஹெலிகாப்டர் எப்படி மலையில் மோதும்?
(வாசகர், குன்னூர்)

பதில்: மலை விபத்துகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கேள்வி பொருந்தும். 2021 டிசம்பர் 8 அன்று முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர், 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 மணியளவில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் இருந்த தொடர்பு அறுந்தது. நஞ்சப்பசத்திரத்தை ஒட்டிய மரங்களுக்கிடையே அது விழுந்து எரிந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவருடைய மனைவியும் உள்ளிட்ட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் உயிருக்குப் போராடி 15-ஆம் தேதி மறைந்தார். தீயின் வெக்கையைப் பொருட்படுத்தாமல் ஓடிச்சென்று, தங்கள் வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்து உதவிய நஞ்சப்பசத்திரம் மக்களை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் ஆகிய மூன்றையும் முப்படை விசாரணைக் குழு விலக்கியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்கு இட உணர்வு குழம்பியது, இயக்கக் கட்டுப்பாடு கைவிட்டுப் போகாத நிலையிலேயே ஹெலிகாப்டர் தரையில் மோதியது என்று குழு முடிவு சொன்னது. மலை ரயில் பாதையில் நின்றிருந்தவர்கள் எடுத்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஹெலிகாப்டர் சீராகவே பறந்து வந்து, வெண்பனிக்குள் நுழைந்து மறைகிறது. பிறகு சத்தம் மட்டும் கேட்கிறது, அதுவும் சில விநாடிகளில் நின்றுவிடுகிறது.

இட உணர்வு குழம்புவது அனுபவக் குறைவால் வருவது அன்று. அது உடலின் இயல்பு. சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒருவரை மெதுவாகச் சுற்றிவிடச் சொல்லிப் பாருங்கள். சிறிது நேரத்தில் சுற்றுவதே தெரியாமல் போகும். நாற்காலியை நிறுத்தினால், எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தோன்றும். நம் உட்செவியில் உள்ள திரவம் வேகம் மாறுவதை மட்டுமே உணரும். தொடுவானம் கண்ணில் படும்வரை மூளை அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும், மேகத்துக்குள் அதற்கு வழியில்லை. அப்போது விமானி தன் உடல் சொல்வதை அடியோடு ஒதுக்கிவிட்டுக் கருவிகளை மட்டுமே நம்ப வேண்டும். சமவெளியின் மேலே, பத்தாயிரம் அடி உயரத்தில் அப்படி மாறிக்கொள்ள நேரம் கிடைக்கும். இரு பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில், கண்ணால் வழி பார்த்துத் தாழ்வாகப் பறந்துவந்த விமானிக்குக் கிடைப்பது சில விநாடிகள் மட்டுமே.

கேள்வி: எங்கள் ரங்கசாமி மலையில் வெகு காலத்துக்கு முன்பே ஒரு விமானம் மோதியதாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: உண்மைதான். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதி, அதில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். வழியைக் கணிப்பதில் ஏற்பட்ட பிழையே காரணம். இறந்தவர்களில் ஆபிரகாம் வால்ட் என்ற புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். இந்திய அரசின் அழைப்பின்பேரில் விரிவுரையாற்ற வந்தவர் அவர்.

இந்த வால்ட்தான் இரண்டாம் உலகப் போரில், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை ஆராய்ந்தவர். திரும்பி வந்தவற்றின் உடலில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, அடிபட்டுத் திரும்பாமலே போனவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். மலை விபத்துகளில் இதை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மோதிய விமானங்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். மயிரிழையில் தப்பியவற்றைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகே இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் விமானம் வர்ஜீனியாவில் மவுன்ட் வெதர் என்ற மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அலுவலரின் அனுமதியை, இனி எவ்வளவும் தாழலாம் என்று விமானிகள் பொருள்கொண்டுவிட்டார்கள். அதே இடத்தில், அதே குழப்பத்தில், வேறொரு நிறுவனத்தின் விமானம் சில வாரங்களுக்கு முன்புதான் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது, ஆனால் செய்தி அதற்கு வெளியே போகவில்லை. தப்பியவர்கள் அச்சமின்றித் தங்கள் பிழையைத் தெரிவிப்பதற்கான பொது ஏற்பாடு அமெரிக்காவில் 1976-இல்தான் தொடங்கியது.

கேள்வி: அணு விஞ்ஞானி ஹோமி பாபாவின் விமானம் சதியால் வீழ்த்தப்பட்டது என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களே?
(வாசகர், சென்னை)

பதில்: அந்தப் பேச்சைப் பரப்புகிறவர்கள், விசாரணையில் தெரியவந்ததை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1966 ஜனவரி 24 அன்று காலை, பெய்ரூட்டிலிருந்து ஜெனீவா நோக்கி வந்த ஏர் இந்தியாவின் 'காஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707 ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தருகே மோதியது. அதில் பயணம் செய்த பாபா உள்பட 117 பேர் இறந்தார்கள். தரை நிலையங்களிலிருந்து வரும் வானொலி அலையைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் இரு கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்பது பெய்ரூட்டிலேயே விமானிக்குத் தெரியும். சிகரத்தைக் கடந்துவிட்டதாக அவர் தவறாகக் கணித்தார். ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்த அலுவலருக்கு அந்தத் தவறு தெரிந்தது. மோன் பிளாங்குக்கு இன்னும் 5 மைல் இருக்கிறது என்று அவர் சொன்னார். திருத்திவிட்டோம் என்று அவர் நினைத்தார்; விமானியோ தன் கணிப்பு சரிதான் என்று எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவந்தார். 'நீங்கள் இன்னும் மலையைத் தாண்டவில்லை, இறங்காதீர்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். சொற்கள் போதிய துல்லியத்துடன் இல்லை என்பதைப் பிரெஞ்சு விசாரணை அறிக்கை வெளிப்படையாகவே பதிவு செய்தது.

1950 நவம்பர் 3 அன்று அதே மலையில் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானமும் மோதி 48 பேர் இறந்திருந்தார்கள். ஒரே சிகரத்தில் இரு முறை என்பதைச் சதிக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. மேற்கு ஐரோப்பாவில் மிக உயர்ந்த மலை, ஜெனீவா விமான நிலையத்துக்கு அத்தனை அருகில் நிற்கிறது என்பதையே அது காட்டுவதாக நான் கருதுகிறேன்.

பனியாறு நகர நகர, அந்த விமானத்தின் பொருட்கள் இன்றும் வெளிவருகின்றன. 2012-இல் இந்திய வெளியுறவுத் துறையின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2020-இல் பொசோன் பனியாற்றில், இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வானதை அறிவிக்கும் தலைப்புச் செய்தியோடு இந்திய நாளிதழ்கள், எழுத்து அழியாமல் வெளியே வந்தன; கண்டெடுத்தவர் அவற்றை வெயிலில் உலர்த்தினார்.

கேள்வி: ஏழு கன்னியர் மலையில் விழுந்த ஹஜ் விமானத்தைப் பற்றி இளைய தலைமுறைக்குத் தெரியவில்லை. எழுதுவீர்களா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து அது. 1974 டிசம்பர் 4 அன்று இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிச் செல்வதாக வந்த மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியில் மலைமுகட்டில் மோதியது. பயணிகள் 182 பேரும் பணியாளர் 9 பேரும் இறந்தார்கள். விமானத்திலேயே இருந்த, நகரும் வேகத்தைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் டாப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பி, விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக விமானிகள் கருதினார்கள். உண்மையில் அதிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அப்பால், மலைநாட்டின் மேலே இருந்தார்கள். கடற்கரைச் சமவெளியில் இறங்குவதற்குரிய உயரத்துக்கு, தேயிலை மலைகளின் மேலே தாழ்ந்துவந்தார்கள். மோன் பிளாங்கில் நடந்த அதே பிழைதான் இது. மலை எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தில் இருந்தது, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைத்தான் தவறாக நம்பினார்கள்.

கேள்வி: மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி இருக்கிறதாமே! பிறகும் ஏன் விபத்து?
(வாசகர், மதுரை)

பதில்: மவுன்ட் வெதர் விபத்து நடந்த அதே மாதத்தில், பெரிய பயணிகள் விமானங்களில் தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று அமெரிக்கா உத்தரவிட்டது. அதை உருவாக்கியவர் டான் பேட்மன் என்ற பொறியாளர். நேர் கீழே ரேடியோ அலையை அனுப்பி, தரை வேகமாக நெருங்கினால் 'மேலே இழு' என்று குரல் கொடுக்கும் கருவி அது. பல நூறு உயிர்களைக் காத்தாலும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது: கீழே மட்டுமே பார்க்கும். எதிரே செங்குத்தாக எழும் மலை, கடைசி விநாடிகள்வரை அதற்குத் தெரியாது.

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகருக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் இது கொடுமையாக வெளிப்பட்டது. 'ரோசோ' என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போக, விமானிகள் கணினியில் 'ஆர்' என்ற எழுத்தை மட்டும் தட்டினார்கள். பட்டியலில் முதலில் வந்ததோ பொகோட்டா அருகே, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த 'ரோமியோ'. விமானம் இடப்பக்கம் திரும்பி மலைகளுக்குள் போனது. எச்சரிக்கை ஒலித்ததும் விமானிகள் முழு விசையில் மேலே இழுத்தார்கள். ஆனால் இறங்குவதற்காக விரித்திருந்த வேகத்தடைப் பலகைகளை மடக்க மறந்துவிட்டார்கள். 159 பேர் இறந்தார்கள், நால்வர் மட்டுமே பிழைத்தார்கள்.

உலகின் மேடுபள்ளங்கள் முழுவதையும் நினைவில் வைத்துக்கொண்டு, முன்னே இருக்கும் மலையையும் காட்டும் மேம்பட்ட கருவியைப் பேட்மனின் குழு அந்த ஆண்டுகளில்தான் உருவாக்கியது. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு விற்பனைக்கு வந்த ராணுவ வரைபடங்களும் அதற்குப் பயன்பட்டன. அக்கருவி வந்தபின் பெரிய ஜெட் விமானங்கள் மலையில் மோதுவது மிக அரிதாகிவிட்டது.

ஆனாலும் கருவி சொல்வதை மனிதர் கேட்க வேண்டுமே. 2012 மே 9 அன்று இந்தோனேசியாவின் சலாக் மலையில், செயல்விளக்கத்துக்காகப் பறந்த புதிய சுகோய் ஜெட் மோதி 45 பேர் இறந்தார்கள். கருவி முறையாகவே எச்சரித்தது. அந்தப் பகுதியில் மலை இருப்பதை அறியாத விமானிகள், கருவியின் தரவுதான் தவறு என்று கருதி அதன் குரலை அடக்கிவிட்டார்கள்.

கேள்வி: எல்லாப் பழியும் விமானிக்குத்தானா? காற்றுக்குப் பங்கில்லையா?
(வாசகர், திருச்சி)

பதில்: உண்டு. ஆற்று நீர் பாறையைத் தாண்டியதும் சுழித்து அலையாவதைப்போல, மலைமுகட்டைத் தாண்டும் பலத்த காற்றும் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத அலையாகப் புரளும். 1966 மார்ச் 5 அன்று, மேகமற்ற பிற்பகலில், ஜப்பானின் ஃபூஜி மலையருகே பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் போயிங் 707 அந்தக் காற்றில் சிக்கி நடுவானிலேயே உடைந்தது. 124 பேர் இறந்தார்கள். பாபாவின் விமானம் மோதி ஆறு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

கேள்வி: குடும்பத்தோடு முக்திநாத் செல்லவிருக்கிறோம். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானத்தில் போகலாமா?
(வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; நாள்தோறும் பலர் நலமாகப் போய்வருகிறார்கள். ஆனால் நிலைமையைத் தெரிந்துகொண்டு போங்கள். நேபாள விமான நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தடை விதித்தது. 2022 மே 29 அன்று நீங்கள் சொல்லும் அதே தடத்தில் சென்ற ட்வின் ஆட்டர் விமானம் மோதி, நான்கு இந்தியர் உள்பட 22 பேர் இறந்தார்கள். மேகத்துக்குள் புகுந்தபின் சரியான தடத்தைக் காக்கத் தவறியதையும், தரை எச்சரிக்கைக் கருவி செயல்படாதவாறு நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததையும் விசாரணை காரணமாகச் சொன்னது. குறுகிய பள்ளத்தாக்கில் மலைகளை ஒட்டியே பறக்கும்போது அந்தக் கருவி ஓயாமல் கத்தும் என்பது உண்மை. கண்ணுக்கு வழி தெரியும்வரை அதை நிறுத்திவைப்பதில் ஆபத்து தெரிவதில்லை. கண் மறைக்கப்படும் நேரத்தில் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கும். மலைத் தடங்களில் பறக்கும் சிறு விமானங்களுக்கு ஏற்றவாறு அந்த எச்சரிக்கையைச் சீரமைப்பதே இப்போது அவசர வேலை என்பது என் உறுதியான கருத்து.

ஜோம்சோம் அமைந்துள்ள காளி கண்டகி பள்ளத்தாக்கில் பகல் ஏற ஏறக் காற்று கடுமையாகும் என்பதால், ஜோம்சோம் விமானங்கள் காலையில்தான் பறக்கும். ஆகவே பயணத் திட்டத்தில் இரண்டு நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மேகம் என்று சொல்லி விமானத்தை நிறுத்தினால், தரிசனம் தவறுகிறதே என்று சிப்பந்திகளை வற்புறுத்தாதீர்கள், உடன் வருகிறவர்களையும் வற்புறுத்த விடாதீர்கள். பொக்காராவிலிருந்து பேனி வழியாக ஜோம்சோமுக்குச் சாலை இருக்கிறது, ஜீப்பும் கிடைக்கும். உடல் அலுப்பாகும், ஒரு நாள் கழியும். பெரியவர்கள் உடன் வருவதானால் வழியில் தத்தோபானியில் ஓரிரவு தங்கிப் போகலாம்.