செமிஃபைனல்லயே தோத்துட்டு வர்ற பொண்ணு

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 14 வயசு, டென்னிஸ் ஆடுறா. செமிஃபைனல் வரைக்கும் எல்லாரையும் அடிச்சு நொறுக்கிட்டுப் போவா, அங்க போனதும் சொதப்பிடுவா. ரொம்ப கூச்ச சுபாவம். நான் அந்தக் காலத்துல அர்ஜென்டினா டென்னிஸ் ஸ்டார் கேப்ரியேலா சபாட்டினிக்கு வெறித்தனமான ஃபேன். அவ்ளோ திறமை, ஆனா ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாம் (வருஷா வருஷம் நடக்கிற நாலு பெரிய டோர்னமென்ட்ல ஒண்ணு), 26 வயசுல ரிட்டயர்டு. என் பொண்ணும் அப்படி ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு. மோட்டிவேஷன் கிளாஸுக்கு அனுப்பலாமா? இன்னொன்னு, இவளோட ஒத்தக்கை பேக்ஹேண்டை ரெண்டு கைக்கு மாத்தணும்னு கோச் சொல்றார், மாத்தலாமா?

பதில்: அண்ணா, நீங்க நெஜமாவே சபாட்டினி ஃபேன்தானா? கோச்சுக்காதீங்க, ஃபேனா இருந்தா இந்த விஷயம் உங்க காதுக்கு வந்திருக்கணுமே. ஆட்டத்தை விட்டு ரொம்ப வருஷம் கழிச்சு அவங்களே பேட்டியில சொன்னது இது. சின்ன வயசுல டோர்னமென்ட் ஜெயிச்சா கோர்ட்ல நின்னு எல்லார் முன்னாடியும் பேசணுமேன்னு பயந்து, பல தடவை செமிஃபைனல்லயே தோத்துடுவாங்களாம். பந்துக்கோ எதிர்ல நிக்கிற ஆளுக்கோ பயம் இல்ல, மைக்குக்குத்தான் பயம்.

அதனால மோட்டிவேஷன் கிளாஸ் எல்லாம் அப்புறம், முதல்ல வேற ஒண்ணு கண்டுபிடிங்க. உங்க பொண்ணு ஃபைனல் போனா என்னென்ன நடக்கும்? யாராவது மைக்கை நீட்டுவாங்களா, ஃபோட்டோவுக்கு நிக்கணுமா, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல அன்னிக்கு ராத்திரி பூரா இவ மூஞ்சிதானா, அப்பா கார்ல வீடு வர்ற வரைக்கும் ஒவ்வொரு பாயின்டா திரும்பப் பேசுவாரா (இது நீங்கதான்னு நான் சொல்லல, ஆனா லெட்டர்ல நீங்க எழுதியிருக்கிற விதத்தைப் பாத்தா சந்தேகம் வருது). இதுல எது பிடிக்கலன்னு அவளையே கேளுங்க, ஆனா தோத்துட்டு வந்த அன்னிக்குக் கேக்காதீங்க, வேற ஏதாவது பேசிட்டு இருக்கும்போது சாதாரணமா கேளுங்க. இதுதான்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, பரிசு வாங்கும்போது பேச மாட்டா, தேங்க்ஸ் மட்டும் சொல்லுவான்னு நடத்துறவங்ககிட்ட நீங்களே முன்கூட்டி சொல்லிடலாம், யாரும் மாட்டேன்னு சொல்லப் போறதில்ல.

இதுவே காரணம்னு நான் அடிச்சு சொல்லல. செமிஃபைனல்ல எதிர்ல நிக்கிறவ நெஜமாவே நல்லா ஆடுறவளா இருக்கலாம், அதுவும் நடக்கும்ல.

இப்ப உங்க ரெண்டாவது பயத்துக்கு வர்றேன், எனக்குக் கொஞ்சம் கோவம் வந்ததும் இங்கதான். "ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாம்"னு எவ்ளோ ஈஸியா எழுதிட்டீங்க! அர்ஜென்டினா பொண்ணு ஒருத்தி சிங்கிள்ஸ்ல கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்சது இன்னிக்கு வரைக்கும் அந்த ஒண்ணுதான் அண்ணா. 1984ல பிரெஞ்ச் ஓப்பன் ஜூனியர் பட்டம், அடுத்த வருஷமே 15 வயசுல அதே பாரிஸ்ல பெரியவங்க டிரால செமிஃபைனல், அங்க கிறிஸ் எவர்ட்கிட்ட தோத்தாங்க. மொத்தம் 27 சிங்கிள்ஸ் பட்டம், அதுல ரோம் மட்டும் நாலு தடவை. 1988லயும் 1994லயும் வருஷக் கடைசியில டாப் பிளேயர்ஸ் மட்டும் ஆடுற சாம்பியன்ஷிப்பும் அவங்களுக்குத்தான்.

அந்த 1988ஐ மட்டும் கொஞ்சம் பாருங்க. ஸ்டெஃபி கிராஃப் நாலு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும் ஒரே வருஷத்துல அள்ளின வருஷம் அது, வருஷம் முழுக்க ஸ்டெஃபி தோத்ததே மூணு மேட்ச்தான், அதுல ரெண்டு இந்த சபாட்டினிகிட்ட! யுஎஸ் ஓப்பன் ஃபைனல்ல ஸ்டெஃபிகிட்ட ஒரு செட்டைப் பிடுங்கினாங்க, சியோல் ஒலிம்பிக் ஃபைனல்ல தோத்து வெள்ளி வாங்கினாங்க, விம்பிள்டன்ல அதே ஸ்டெஃபியோட சேந்து டபுள்ஸ் ஜெயிச்சாங்க. மைக்கைப் பாத்தா நடுங்கின பொண்ணுதான் சியோல்ல அர்ஜென்டினா கொடியைப் பிடிச்சுட்டு முன்னாடி நடந்து போனதும். கொடி பிடிக்கிறவங்க பேச வேண்டியதில்லையே, அதான் போல.

1990 நடுவுல கார்லோஸ் கிர்மாயர்னு ஒரு பிரேசில் கோச் வந்தார். அதுவரைக்கும் பேஸ்லைன்ல, அதாவது கோர்ட்டோட பின்கோட்டுல நின்னு, பந்தைச் சுழல விட்டு டாப்ஸ்பின் போட்டுப் போட்டு மேட்சை இழுத்துட்டு இருந்தவங்களை, நெட்டுக்குப் போ, பாயின்டைச் சீக்கிரம் முடின்னு மாத்தினார். அந்த செப்டம்பர்லயே யுஎஸ் ஓப்பன் ஃபைனல்ல ஸ்டெஃபியை 6-2, 7-6ன்னு அடிச்சாங்க, நீங்க சொன்ன அந்த ஒரே கிராண்ட்ஸ்லாம் இதுதான். இதுல கவனிங்க, கோச் அந்தப் பொண்ணோட கூச்சத்தைச் சரி பண்ணப் போகல, ஆட்டத்தை மாத்தினார். ஸ்டெஃபிக்கு யோசிக்க டைம் கொடுக்காம முன்னாடி வந்து நின்னாங்க, அவ்ளோதான். உங்க மோட்டிவேஷன் கிளாஸ் கேள்விக்கு என் பதில் இதுலயே இருக்கு, அந்தக் காசை கோர்ட்ல செலவு பண்ணுங்க.

வலிக்கிற தோல்வியும் இருக்கு, இல்லன்னு சொல்லல. 1991 விம்பிள்டன் ஃபைனல், மூணாவது செட்ல மேட்சை முடிக்க ரெண்டு தடவை சர்வ் கையில இருந்தும் 8-6ல போச்சு. 1993 பாரிஸ் குவார்ட்டர் ஃபைனல் அதைவிட மோசம், மேரி ஜோ ஃபெர்னான்டஸை 6-1, 5-1ன்னு ஓட விட்டுட்டு, அஞ்சு மேட்ச் பாயின்ட் கையில வெச்சுக்கிட்டு, மூன்றரை மணி நேரம் ஆடி கடைசி செட்டை 10-8ல விட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ரோம்ல ஜெயிச்சதோட பட்டமே வராம நின்னுபோயிருந்துது, அடுத்த பட்டம் வந்தது 1994 நவம்பர்ல, ஃபைனல்ல லின்ட்சே டேவன்போர்ட்டை நேர் செட்ல அடிச்சு. ரெண்டரை வருஷம் பட்டமே இல்லாம வாரா வாரம் பெட்டியைத் தூக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க, இதைப் போய் மன உறுதி இல்லாதவங்கன்னு எப்படிச் சொல்றீங்க?

26ல விட்டாங்களேன்னு வருத்தப்படுறீங்க. 14 வயசுலேர்ந்து உலகம் சுத்தினவங்களுக்கு 26ங்கிறது நம்ம கணக்குல 26 இல்ல அண்ணா. 1996ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, அதாவது அந்த ரெண்டு சாம்பியன்ஷிப்பும் ஜெயிச்ச அதே இடத்துல, போதும்னு சொன்னாங்க. 1989லயே அவங்க பேர்ல பெர்ஃப்யூம் வந்து நல்லா ஓடிட்டு இருந்துது, அது பாட்டுக்கு அது. திரும்ப வர்றேன்னு ஒரு தடவைகூட சிங்கிள்ஸ் சர்க்யூட் பக்கம் எட்டிப் பாக்கல. 2006ல ஹால் ஆஃப் ஃபேம். ரேங்கிங் 3க்கு மேல போகலன்னு நமக்குத்தான் ஆறல, அவங்க நிம்மதியாத்தான் இருக்காங்க. உங்க பொண்ணும் ஒரு நாள் போதும்பா-ன்னு சொல்லலாம், 16லயும் சொல்லலாம் 30லயும் சொல்லலாம், அன்னிக்கு சபாட்டினி கதையைச் சொல்லி அவளைப் பயமுறுத்தாதீங்க, அந்தக் கதை நீங்க நினைக்கிற மாதிரி சோகக் கதை இல்ல.

பேக்ஹேண்ட் விஷயம். சபாட்டினியோட ஒத்தக்கை பேக்ஹேண்ட் உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், ராக்கெட்டைப் பின்னாடி நல்லா இறக்கி, தோளைத் திருப்பி, பந்தைக் கீழேர்ந்து வழிச்சு எடுத்து மேல தூக்கி விடுவாங்க, அது நெட்டுக்கு மேல உயரமா போய் கோட்டுக்குப் பக்கத்துல தொப்புன்னு விழுந்து எகிறும். அதைப் பாத்துட்டுத்தான் பொண்ணுக்கு ஒத்தக்கை பழக்கினீங்களா? அப்படின்னா கோச் சொல்றதை உங்க ஆசைக்காக மறுக்காதீங்க. தோளுக்கு மேல எகிறி வர்ற பந்தை அவளால திருப்பி அடிக்க முடியுதான்னு கோச்சோட நின்னு பாருங்க, முடியலன்னா மாத்துறதுக்கு 14 ஒண்ணும் லேட்டான வயசு இல்ல, முடியுதுன்னா விட்டுடுங்க.

ஆனா ரெண்டுல எதுவா இருந்தாலும் செகண்ட் சர்வை (முதல் சர்வ் தப்பினா கிடைக்கிற ரெண்டாவது வாய்ப்பு) இப்பவே கவனிக்கச் சொல்லுங்க. சபாட்டினிக்கு கடைசி வரைக்கும் தொல்லை கொடுத்தது கூச்சத்தைவிட அந்த சர்வ்தான்னு நான் சொல்லுவேன், மேட்ச் இறுகும்போது செகண்ட் சர்வ் மெதுவா போய் நடுவுல விழும், எதிர்ல இருக்கிறவங்க ரெண்டடி உள்ள வந்து வெளுத்துடுவாங்க. வாரத்துல ஒரு நாள் வேற எதுவும் வேணாம், ஒரு கூடை பந்து, செகண்ட் சர்வ் மட்டும். நீங்க பக்கத்துல நிக்காதீங்க.