நுரையீரல் கட்டிக்கு ரேடியேஷன்: படுக்கும் விதம் பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோவையில் அப்பாவுக்கு ரேடியேஷன் நடக்கிறது. கதிர் விழுவது 3 நிமிடம். படுக்கவைத்துச் சரிசெய்ய 15 நிமிடம். நேற்று இரண்டு முறை எழுப்பி மறுபடி படுக்கவைத்தார்கள். அங்கே இருப்பவர்களுக்கு வேலை தெரியவில்லையா? – கோத்தகிரி வாசகி

தெரிந்ததால்தான் எழுப்பியிருக்கிறார்கள். முதலில், திட்டமிடும் ஸ்கேன் அன்று நெஞ்சின் நடுவிலும் இரு விலாவிலும் தோலில் இட்ட புள்ளிகளில் லேசர் கோட்டைப் பொருத்துவார்கள். ஆனால் தோல் எலும்பின் மேல் வழுக்கும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதனால் புள்ளியை மட்டும் நம்புவதில்லை. மெஷின் ஒருமுறை உடம்பைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் சிடி படம் எடுக்கும். அதைத் திட்டமிடும்போது எடுத்த ஸ்கேன் மீது வைத்து, முதுகெலும்பு பொருந்துகிறதா, கட்டி பொருந்துகிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள் உண்டு. கட்டிக்காக டேபிளை நகர்த்தினால், பக்கத்திலிருக்கும் தண்டுவடம் அதிக டோஸ் பகுதிக்குள் வந்துவிடாமல் கவனிக்க வேண்டும்.

டேபிள் மேலே கீழே, இடம் வலம், தலைப்பக்கம் கால்பக்கம் என்று மில்லிமீட்டர் கணக்கில் நகரும். சில மையங்களில் இரண்டு மூன்று டிகிரி சாய்வையும் திருத்தும். ஆனால் இடுப்பு வளைந்து கிடந்தாலோ ஒரு தோள் ஏறியிருந்தாலோ, டேபிளை எப்படி நகர்த்தினாலும் கீழ் முதுகெலும்பு பொருந்தும்போது மேலே விலகும். அதற்கு எழுப்பிப் படுக்கவைப்பது ஒன்றுதான் வழி. பல திட்டங்களில் கட்டியைச் சுற்றி விடுகிற கூடுதல் இடம் 5 மி.மீ. அளவுதான், சட்டென்று முடித்து அனுப்பினால்தான் கவலைப்பட வேண்டும்.

அம்மா பல வருடம் கொழுந்து பறித்தவர். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள் வலி உயிர் போகிறது. கையைத் தூக்கித்தான் ஆக வேண்டுமா? – குன்னூர்

பக்கவாட்டிலிருந்து வரும் கதிர் கை வழியாகப் போகக் கூடாது என்பதால்தான் தூக்கச் சொல்கிறார்கள். வலியை ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கைப்பிடியைத் தாழ்த்தலாம், வேக்யூம் பையை (அடியில் வைத்து, காற்றை உறிஞ்சி உடம்பின் வடிவத்துக்கு இறுக்கும் பை) முழங்கைக்கு ஏற்ப வார்க்கலாம், கையைப் பக்கவாட்டில் வைத்து அதைத் தவிர்க்கும் கோணங்களில் திட்டமிடவும் முடியும். டாக்டரிடம் கேட்டு வலி மாத்திரையை அரை மணி, முக்கால் மணி முன்னதாகக் கொடுக்கலாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேனை முடித்துவிட்டு, பத்தாம் நாள் கை தொங்குவதுதான் மோசம். முழங்கை இறங்கினால் தோளும் நெஞ்சுத் தோலும் இடம் மாறும். சில சமயம் ஸ்கேனே மறுபடி எடுக்க வேண்டி வரும். இன்னொன்று: காற்றை உறிஞ்சியதும் பை கல் மாதிரி இறுகி அப்படியே இருக்க வேண்டும். மெல்லக் கசிந்தால் முழங்கைப் பள்ளம் மறைந்துவிடும். டெக்னீஷியன் தினமும் அழுத்திப் பார்ப்பார். அம்மாவுக்கும் "நேற்றைவிட மெத்தென்று இருக்கு" என்று தோன்றினால் சொல்லட்டும்.

கட்டி மூச்சோடு சேர்ந்து நகருமாமே, பிறகு எப்படிக் குறிவைக்கிறார்கள்? – கூடலூர்

நுரையீரலின் மேல் மடலில் சில மில்லிமீட்டர்தான் நகரும். உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை) ஒட்டிய கீழ் மடலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகும். ஸ்கேனின்போது ஒரு மூச்சைப் பெரும்பாலும் 10 கட்டமாகப் பிரித்து, கட்டி போய்வரும் இடம் முழுவதையும் இலக்காக வரைவார்கள். நகர்வு அதிகமானால் வயிற்றை அழுத்தும் தகடு, மூச்சை அடக்கும் முறை, மூச்சின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் கதிர் விடுவது என வழிகள் உண்டு.

உங்கள் பங்கு, ஸ்கேன் அன்று விட்ட மாதிரியே மூச்சு விடுவது. 'நன்றாக' இழுத்துவிட வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடி வந்து படுத்தால் மூச்சு வேறு மாதிரி இருக்கும். அரை மணி உட்காருங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்: நிரம்பிய இரைப்பை இடப்பக்க உதரவிதானத்தை மேலே தள்ளும். இருமல் வந்தால் அடக்க முயலாமல், சொல்லித்தந்தபடி சைகை காட்டுங்கள். கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நிறுத்திப் படமெடுத்து, மிச்சத்தை அங்கிருந்து தொடரலாம்.

ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாமா? – மஞ்சூர்

மேலுடம்பில் கூடாது. முதுகுக்கும் பைக்கும் நடுவே கம்பளி இருந்தால் உயரம் மாறும். நடுங்கினால் தோள் ஏறும் என்பதும் உண்மை. இடுப்புக்குக் கீழே கம்பளி கேளுங்கள்.

மார்பில் போட்ட மை அழிகிறது. – உதகை

நீங்களே பேனாவால் வரைந்துவிடாதீர்கள். சோப்பு, தேங்காய் எண்ணெய், தைலம் அங்கே படக் கூடாது. மங்கினால் அவர்களே திரும்பப் போடுவார்கள்.

மழையில் பாதை அடைபட்டு இரண்டு நாள் போகமுடியவில்லை. – கோத்தகிரி

உடனே போன் செய்யுங்கள். மொத்தம் 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), 30 தடவை, ஆறு வாரம் என்பது வழக்கமான கணக்கு. இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும். சனிக்கிழமையில் ஈடுகட்டலாம், அல்லது குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு தடவை தரலாம். ஐப்பசி, கார்த்திகையில் சிகிச்சை விழுந்தால் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்குவது நல்லது. இடைவெளிக்குப் பின் வரும் முதல் படத்தைக் கூடுதல் கவனத்துடன் பார்ப்பார்கள்: நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருக்கலாம், நீர் கோத்திருக்கலாம், கட்டியே இடம் மாறியிருக்கலாம். மூச்சுத்திணறல் கூடியிருந்தாலோ, வேட்டி இடுப்பில் நிற்காத அளவு இளைத்திருந்தாலோ, டேபிளில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் புது ஸ்கேன் எடுத்துத் திட்டத்தை மாற்றியமைப்பார்கள்.