மூட்டும் வண்ணமும்: ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒரு ஆக்‌ஷன் ஃபிகரில், அதாவது கைகால்களை அசைக்கக்கூடிய பொம்மை உருவத்தில், எத்தனை மூட்டுகள் இருந்தால் போதும்?

பதில்: எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. 1964-இல் வந்த ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மையை 21 அசையும் பாகங்கள் கொண்டது என்றே விளம்பரம் செய்தார்கள். 1978-இல் கென்னர் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் திரைப்பட உருவங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து, இரு தோள்கள், இரு தொடைகள் என ஐந்து மூட்டுகளே இருந்தன. இரண்டுமே பெரும் வெற்றி பெற்றன. மூட்டு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். ஒற்றை மூட்டுள்ள முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தோடு நின்றுவிடும். இரட்டை மூட்டானால் முஷ்டி தோளை நெருங்கும் அளவுக்கு மடங்கும். தோள் முன்னோக்கி நகர மார்புக்குள் இன்னொரு மூட்டு இல்லாவிட்டால், இரு கைகளாலும் ஒரே வாளைப் பிடிக்க வைப்பது பெரும்பாடாகிவிடும். நான் முதலில் பார்ப்பது கணுக்காலைத்தான்: அது பக்கவாட்டில் சாயாவிட்டால், கால்களை அகட்டி நிறுத்தும்போது பாதம் தரையில் முழுமையாகப் படியாது.

கேள்வி: மூட்டுகள் சிற்ப அழகைக் கெடுக்கின்றனவே?

பதில்: கெடுக்கத்தான் செய்கின்றன. ஒரே நிலையில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் சிலையை வாங்குவதே நல்லது.

கேள்வி: வண்ணப்பூச்சில் எதைக் கவனித்து வாங்க வேண்டும்?

பதில்: கண்களை. ஆறு அங்குல உருவம் நிஜ மனித அளவில் ஏறக்குறைய 1/12 பங்குதான். அதில் ஒரு கண்ணின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர்தான். கருவிழி அரை மில்லிமீட்டர் விலகினாலே பார்வை வேறெங்கோ போய்விடும். அண்மைக் காலத்தில் முகத்தை நுண்புள்ளிகளாக அச்சிடும் முறை பரவியிருக்கிறது. நெருங்கிப் பார்த்தால் புள்ளிகள் தெரியும், கையெட்டும் தூரத்தில் உயிருள்ள முகமாகவே தோன்றும். அச்சு இடம் மாறிப் பதிந்த முகத்தை மட்டும் எந்தத் தூரமும் காப்பாற்றாது.

கேள்வி: முழங்காலை மடக்கும்போதெல்லாம் பெயின்ட் உரிகிறது. திரும்பப் பூசலாமா?

பதில்: பூசலாம், ஆனால் உரிந்த காரணம் அப்படியே இருந்தால் மறுபடியும் உரியும். மூட்டின் இடைவெளி மிகக் குறுகியது. பூச்சின் தடிமன்கூட அங்கே உராய்வை உண்டாக்கும். உரசும் பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் சற்றே தேய்த்துவிட்டு, அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றையும் நன்கு உலரவிடுங்கள். எனாமல் வேண்டாம், மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கின் மேல் அது பல மாதங்கள் ஆகியும் பிசுபிசுப்பாகவே இருக்கக்கூடும். நான் அப்படி ஒரு தொடையைப் பாழாக்கியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாகப் பிரித்த உருவத்தின் முழங்கை அசையவே இல்லை. பலமாகத் திருப்பலாமா?

பதில்: கூடாது. மூட்டுக்குள் கசிந்த பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். பலம் கொடுத்தால் பூச்சு விடுபடும் முன்பே மூட்டைக் கோத்திருக்கும் ஊசி முறியும். அந்தப் பகுதியைச் சில நிமிடங்கள் வெந்நீரில் வைத்து, பிளாஸ்டிக் இளகியதும் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவு வந்த பிறகு ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய் போதும்.