‘தி டார்க் டவர்’ தொடரின் முடிவு வாசகர்களை ஏமாற்றுகிறதா?

இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். (ஏழு பாகங்களையும் முடிக்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.)

ஸ்டீபன் கிங் எழுதிய இந்த நாவல் தொடரின் முதல் பாகம் 1982இல் வந்தது, ஏழாவது 2004இல். 22 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் கண்டது என்ன? தொடர் முழுக்கத் தேடி வந்த கோபுரத்தின் உச்சிக் கதவைத் திறந்த நாயகன் ரோலண்ட் மீண்டும் பாலைவனத்தில் நிற்கிறான். முதல் பாகத்தின் தொடக்க வரியே கடைசி வரியாகவும் வருகிறது. கோபம் வரத்தான் செய்யும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டிலேயே அண்ணன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச மறுத்தார்.

ஆனால் அந்த ஊதுகொம்பைக் கவனியுங்கள். ஜெரிகோ குன்றுப் போரில் நண்பன் கத்பர்ட் மடிந்தபோது விழுந்த கொம்பை, குனிந்து எடுக்கக்கூட நிற்காமல் வந்தவன் ரோலண்ட். இந்தச் சுற்றில் அது அவனிடம் இருக்கிறது. சுழல் அப்படியே திரும்பவில்லை, கொஞ்சம் அசைந்திருக்கிறது. பிறவியையும் வினையையும் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழருக்கு இது அந்நியமான முடிவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இறுதிப் பகுதிக்கு முன், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று வாசகரை ஆசிரியர் எச்சரிக்கிறார். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தவரைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்வது எனக்கு இன்றும் வலிக்கிறது.