ஆறு பெட்டைகளுக்கு நடுவே ஓர் இளஞ்சேவல்

கேள்வி: மடிப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்புறம் இரண்டு வருடமாக ஆறு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். எல்லாம் பெட்டை. குஞ்சு எடுக்கலாம் என்று போன ஞாயிறு நாலு மாதச் சேவல் ஒன்றை வாங்கி, நேராகக் கூண்டில் விட்டேன். கோழிகள் கொத்திக் கொண்டையில் ரத்தம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, தீனிக்கு வருவதில்லை. ஒரே கூண்டில் வைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றைக்கே அதைப் பிரித்துவிடுங்கள். சேவல் என்றாலும் நாலு மாதத்தில் அது பொடியன்தான். யார் முதலில் தின்பது, யார் எந்தக் கம்பில் உட்காருவது என்று உங்கள் பெட்டைகளுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. புதிதாக வந்தது அடி வாங்கத்தான் செய்யும். கொண்டைக் காயத்துக்கு மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். சிவப்பாகத் தெரியும் இடத்தைத்தான் கோழிகள் தேடித் தேடிக் கொத்தும்.

கொத்தைவிட எனக்குப் பெரிய கவலை வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோய். அந்தக் கிருமி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய 2 முதல் 15 நாள் ஆகலாம். வாங்கும்போது துறுதுறுவென்று இருந்த பறவை மறுவாரம் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் மூன்று வாரம் தனி இடம், தனித் தண்ணீர். முதலில் பெட்டைகளுக்குத் தீனி, அப்புறம்தான் சேவலுக்கு. கையைக் கழுவாமல் திரும்பப் பெட்டைகள் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே சில நாள் ஒன்றாக இருந்துவிட்டதால் ஆறு பெட்டைகளின் எச்சத்தையும் தினம் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ, தூங்கி வழிந்தாலோ உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டு போங்கள். தடுப்பூசி போட்டதா என்று விற்றவரைக் கேளுங்கள். முட்டையிடும் பெட்டைகளுக்கு எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

மூன்று வாரம் நலமாகக் கடந்தால், கூண்டுக்குப் பக்கத்திலேயே கம்பி வலை தடுத்து, அல்லது பஞ்சாரத்தில் கவிழ்த்து, பத்து நாள் வையுங்கள். பார்க்கலாம், தொட முடியாது. சென்னை வெயிலில் கவிழ்த்து வைத்த பறவையால் நிழல் தேடிப் போக முடியாது, மரத்தடியில் வையுங்கள். முதலில் பெட்டைகள் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு வலையோரம் வந்து நிற்கும். ஒருநாள் அதைக் கவனிக்காமல் மண்ணைக் கிளற ஆரம்பிக்கும். அதுதான் நேரம். அன்று இரவு, எல்லாம் கம்பில் அடைந்த பிறகு, சேவலைத் தூக்கி ஓரத்தில் உட்கார வையுங்கள். விடிந்ததும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் தீனி, இரண்டு இடத்தில் தண்ணீர், ஓடி ஒளிய ஒரு சாய்த்த பலகை. துரத்துவதும் ஒரு கொத்தும் சகஜம், விட்டுவிடுங்கள். ரத்தம் வந்தாலோ மூலையில் அமுக்கிக் கொத்தினாலோ மறுபடி வலைக்குப் பின்னால்.

தின்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், பொழுது சாயும்போது கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். எலுமிச்சை மாதிரி நிறைந்திருந்தால் கவலையில்லை. வெறும் தோலாகச் சுருங்கியிருந்தால் பட்டினி போடுகிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று. பெட்டைகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் போடுகிறீர்கள் என்றால் அதைச் சேவலுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து சுமார் 3.5 சதவீதம், வளரும் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் போட்டு, சுண்ணாம்புச்சத்துக்குக் கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியது வேண்டிய அளவு பொறுக்கிக்கொள்ளும்.

சேவலுக்கு ஆறு ஏழு மாதம் ஆகும்போது நிலைமை தலைகீழாகும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை என்பது கணக்கு, உங்களிடம் ஆறுதான். இணைசேர அடிக்கடி மிதிப்பதில் பெட்டைகளின் முதுகுச் சிறகு உதிர்ந்து தோல் தெரிந்தால், சேவலைச் சில நாள் பகலில் பிரித்து வையுங்கள். இரண்டாவது சேவல் வேண்டவே வேண்டாம். விடியுமுன் கூவ ஆரம்பிக்கும்போது பக்கத்து வீட்டாருக்குச் சங்கடம் வரும். இரவில் காற்றோட்டத்தை அடைக்காமல் கூண்டை இருட்டாக்கி வைத்தால் கூவல் கொஞ்சம் குறையும், நிற்காது. இப்போதே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.