ஏரி வடக்கே, ஊர் தெற்கே: சென்னைத் தண்ணீர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (சோழிங்கநல்லூரிலிருந்து): சார், கடன் வாங்கி வீடு வாங்கினோம். இன்னமும் லாரித் தண்ணீர்தான். குழாயே வராத இடத்தில் இவ்வளவு அடுக்குமாடி எப்படி எழுந்தது?

பதில்: எல்லாம் போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) செய்த வேலை. அதற்கு முன் கதையே வேறு. 1772-இல் ஏழு கிணற்றிலிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் போனது. நூறு வருஷம் கழித்து, கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே 1914-இல் வடிகட்டும் நிலையம் வந்தது. வீட்டுக்கு வீடு கிணறு இருந்தாலும், அதை நம்பிப் பத்து மாடி கட்ட முடியாது, குழாய் வேண்டும். ஆழ்துளைக் கிணறு மலிவானதும் அந்தக் கட்டுப்பாடு விட்டுப்போயிற்று. ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) நிலம், சாலை, மின்சாரம் பார்த்துக் கட்டினார்கள். தண்ணீருக்கு போர் போட்டால் ஆச்சு. போர் வற்றினால் லாரி. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லையை ஓர் அரசாணையில் நகர்த்திவிடலாம். குழாயைத் தெருத்தெருவாகத் தோண்டித்தான் போட வேண்டும்.

கேள்வி (பெரம்பூர்): ஏரியெல்லாம் எங்கள் பக்கம்தானே, எங்களுக்கு ஏன் தட்டுப்பாடு?

பதில்: ஏரி பக்கத்தில் இருந்தால் போதுமா, நிரம்ப வேண்டாமா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ததும்பினாலே 11 டிஎம்சிக்குச் சற்று மேல்தான் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய கணக்கு. 2018-இல் மழை பொய்த்தது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆந்திரத்தோடு 1983-இல் போட்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் 12 டிஎம்சி வர வேண்டும். பல வருஷங்களில் பாதிகூட வரவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது தனிக்கதை.

கேள்வி (மேற்கு மாம்பலம்): எங்கள் பக்கம் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் எங்கே?

பதில்: கிழக்கே நடந்தால் தி.நகர். அதுதான். 1920-களில் ஏரியை வடித்து மனை போட்டார்கள்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கினால் தீராதா?

பதில்: கொஞ்சம் தீரும். வடக்கே மீஞ்சூர் ஆலை 2010-இல் வந்தது, தெற்கே நெம்மேலி 2013-இல். தலா தினம் 10 கோடி லிட்டர். 2024-இல் நெம்மேலியில் இன்னும் 15 கோடி சேர்ந்தது. ஊர் வளரும் திசையிலேயே ஒரு பெரிய ஆதாரம் என்பதால் நெம்மேலியை நான் வரவேற்கிறேன். கரண்ட் செலவுதான் இடிக்கிறது.

கேள்வி: நாவலூர்ப் பக்கம் ஃபிளாட் பார்க்கிறோம். என்ன விசாரிக்கணும்?

பதில்: "மெட்ரோ வாட்டர் சீக்கிரம் வந்துடும்" என்று குடிநீர் வாரியக் குழாயைப் பற்றிச் சொல்லும் பேச்சை விடுங்கள். ஏப்ரல், மே மாத லாரி ரசீதுகளைச் சங்கத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்புறம் விலை பேசலாம்.