கியர் ஷிஃப்டரை வீட்டில் மாற்றுவது: கேள்வி பதில்

சைக்கிள் கியர் ஷிஃப்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வண்டி ஐந்து வருடமாக ஓடாமல் நின்றது. இப்போது வலது ஷிஃப்டரை அழுத்தினால் கட்டைவிரல் சும்மா உள்ளே போய்வருகிறது, கியர் விழவில்லை. புதிதாக வாங்கிவிடவா அண்ணா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஷிஃப்டருக்குள் ஒரு குட்டிப் பல்சக்கரமும், அந்தப் பல்லில் விழுந்து பிடிக்கும் கொக்கியும், அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. நின்ற வண்டியில் கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். கொக்கி ஒட்டிக்கொண்டு பல்லில் விழாது. உடைந்தது போலவே தோன்றும், ஆனால் உடைந்திருக்காது. கேபிளைக் கழற்றிவிட்டு, அது நுழையும் துளை வழியாக கிரீஸ் கரைக்கும் ஸ்பிரே அடித்து, லீவரை விடாமல் அழுத்துங்கள். ஐம்பது தடவை, தேவைப்பட்டால் நூறு. டிக் டிக் சத்தம் திரும்பினால் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். உள்ளே இருக்கும் பாகங்களைப் பிரிக்க மட்டும் வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஒருமுறை தெறித்தால் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு.

கேள்வி: கோளாறு ஷிஃப்டரிலா கேபிளிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பின் டெரெய்லரில் (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்) கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். கேபிள் நுனியைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷிஃப்டரை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒவ்வொரு டிக்கிலும் கேபிள் உள்ளே போய் அங்கேயே நின்றால் ஷிஃப்டர் நன்றாக இருக்கிறது. கேபிள் சொரசொரவென்று நகர்ந்தால் துரு அல்லது உள்ளே பிரிந்த இழை. கேபிளையும் அது ஓடும் வெளிக்குழாயான அவுட்டரையும் மாற்றினால் போதும். நான் முதல்முறை இதைப் பார்க்காமல் புது ஷிஃப்டர் வாங்கிப் பொருத்தினேன், பழைய கோளாறு அப்படியே இருந்தது. அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

கேள்வி: பின்னால் 7 பல்சக்கரம். கிடைப்பது 8 கியர் ஷிஃப்டர்தான். இரண்டுமே ஷிமானோ கம்பெனி வகை. ஓடுமா?

பதில்: ஓடும். 7-ல் பல்சக்கர இடைவெளி 5 மி.மீ., 8-ல் 4.8 மி.மீ. ஒரு டிக்குக்கு 0.2 மி.மீ. வித்தியாசம். நடுப் பல்சக்கரத்தில் சங்கிலி நேராக நிற்கும்படி சரிசெய்தால் இரண்டு ஓரத்திலும் 0.6 மி.மீ. தான் பிசகும், அதைச் சங்கிலி பொறுத்துக்கொள்ளும். ஒரு டிக் உபயோகமில்லாமல் மிஞ்சும். ஆனாலும் 7 கியர் ஷிஃப்டர் கிடைத்தால் அதையே போடுங்கள்.

கேள்வி: ஷிமானோ டெரெய்லருக்கு ஸ்ராம் கம்பெனி ஷிஃப்டர் போடலாமா?

பதில்: பொதுவாக வேண்டாம். ஷிமானோவின் 9 கியர் வரையிலான மலைவண்டி வகைகளில் கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் டெரெய்லர் ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். ஸ்ராமின் ‘ஒன்றுக்கு ஒன்று’ வகையில் சுமார் 1.1 மி.மீ. தான். கியர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கணக்கு உதைக்கும். ஷிமானோவுக்குப் பொருந்தும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும் ஸ்ராம் முறுக்கு ஷிஃப்டர்கள் விதிவிலக்கு. டிக் இல்லாத பழைய உராய்வு லீவராக இருந்தால் எந்த டெரெய்லரோடும் சேரும், கையே அளவு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே துண்டாக இருக்கின்றன. ஷிஃப்டரை மட்டும் மாற்றலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. தனி ஷிஃப்டர், தனி பிரேக் லீவர் வாங்குங்கள். உங்கள் பிரேக் வி-பிரேக் (ரிம்மை இரண்டு நீளக் கைகளால் பிடிக்கும் வகை) என்றால் லீவரும் வி-பிரேக்குக்கானதாக இருக்க வேண்டும். பழைய கான்டிலீவர் பிரேக்குக்கான லீவர் இழுக்கும் நீளம் குறைவு. இதில் அலட்சியம் வேண்டாம்.

கேள்வி: கைப்பிடி ரப்பர் கழலவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஓரத்தை மெல்லிய குச்சியால் தூக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு முறுக்குங்கள், வழுக்கிக்கொண்டு வரும். திரும்பப் போட்டபின் நன்றாகக் காய்ந்து இறுகும்வரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: சரி, மாற்றும் வேலையை வரிசையாகச் சொல்லுங்கள் சார்.

பதில்: முதலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். குறிப்பாக டெரெய்லர் போல்ட்டில் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று. அங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். கேபிள் அதில் உட்காராமல் மறுபக்கம் போனால் இழுக்கும் கணக்கே மாறிவிடும், எவ்வளவு திருகினாலும் கியர் சரியாக விழாது.

பெடலைச் சுற்றியபடி சங்கிலியைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். கேபிள் தளரும். போல்ட்டை அவிழ்த்து, நுனியில் இருக்கும் மூடியை வெட்டி, கேபிளை ஷிஃப்டர் வழியாகத் தள்ளினால் அதன் தலை வெளியே வரும். கைப்பிடி, தேவைப்பட்டால் பிரேக் லீவர், அப்புறம் ஷிஃப்டர் என்று கழற்றுங்கள். அலன் கீ 4, 5 இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

புதியதையும் அதே சின்னப் பல்சக்கர நிலையில் வைத்து, புதுக் கேபிளைக் கோத்துவிடுங்கள். அவுட்டரை வெட்டினால் உள் குழாய் நசுங்கும், ஊசியால் துளையைத் திறந்துவிடுங்கள். கேபிள் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் திருகை முழுதும் உள்ளே விட்டு, இரண்டு சுற்று வெளியே எடுத்து, கேபிளை இழுத்துப் பிடித்து போல்ட்டை இறுக்குங்கள். இப்போது ஒரு டிக். சங்கிலி இரண்டாவது பல்சக்கரத்தில் ஏறவில்லையா, அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று. அதையும் தாண்டி ஓடுகிறதா, வலஞ்சுழி. டெரெய்லர் இரண்டு ஓரத்தையும் தாண்டாமல் தடுக்கும் எச், எல் திருகுகள் ஏற்கெனவே சரியாக இருந்தால் தொட வேண்டியதே இல்லை.

கேள்வி: மீந்த கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது வரும் விசையில் அவை பிதுங்கி வெடிக்கும். பிரேக்குக்குச் சுருளாகச் சுற்றிய அவுட்டர்தான்.

கேள்வி: நானே மாற்றினேன், அருமையாக இருந்தது. இரண்டு வாரத்தில் சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்குகிறது. தப்பு செய்துவிட்டேனா?

பதில்: இல்லை. புது அவுட்டரும் அதன் நுனி மூடிகளும் இடத்தில் நன்றாக உட்கார்ந்ததால் கேபிள் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று.